அம்பாசிடரில் கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்‌ஷன்: பெட்டியை வாங்கும் முன் படிக்க வேண்டிய வழிகாட்டி

பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் மாட்டலாம் என்று முடிவெடுத்ததும் எல்லோருக்கும் கை முதலில் போவது ஆர்டர் போடத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கம்ப்யூட்டர், எஞ்சினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடி, பம்பு எல்லாம் அடங்கிய பெட்டி வீட்டுக்கு வந்து எட்டு மாதம் கானாடுகாத்தான் கார் செட்டில் பிரிக்காமலே கிடந்தது. டேங்க் துரு, கரண்ட் தரும் டைனமோ போதவில்லை, எஞ்சினுக்குக் காற்று போகும் மேனிபோல்டில் கசிவு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்கவே இல்லை. ஒவ்வொன்றாகச் சரிசெய்து முடித்த பிறகு பார்த்தால், வாங்கி வைத்த பம்பே என் காருக்குப் பொருந்தாத அளவு. அதைத் திருப்பிக் கொடுக்கும் கெடுவும் முடிந்திருந்தது.

அதனால் இந்தக் கட்டுரையின் வரிசை வேறு. காகிதம் முதலில், எஞ்சின் அடுத்து, பிறகு கரண்ட், பிறகு பெட்ரோல் லைன். வாங்குவது ஆறாவது படி.

என் கார் எங்கள் அப்பச்சி வாங்கிய அம்பாசிடர். 1979-ல் பதிவானது, 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், ஒற்றை சோலெக்ஸ் கார்புரேட்டர். பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

1. உங்கள் காருக்கு இது தேவையா?

இரண்டு காரணங்களுக்காகச் செய்யலாம். முதலாவது பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20. சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஈ20-க்குச் சுமார் 13.5 கிலோவே போதும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையான ஜெட் பழைய கணக்குப்படியே விடுவதால், காற்று மிஞ்சிக் கலவை மெலிந்துபோகிறது. வண்டி இழுவை குறைந்து, ஏற்றத்தில் திணறி, சூடும் ஏறுகிறது.

இரண்டாவது நம் ஊர் வெயில். இந்த எஞ்சினில் காற்று உள்ளே வரும் இன்டேக், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் இரண்டு மேனிபோல்டும் ஒரே பக்கம். கார்புரேட்டர் எக்ஸாஸ்டின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது. சித்திரை மாதம் பிள்ளையார்பட்டி போய், வண்டியை நிறுத்தி, சாமி கும்பிட்டு அரைமணியில் திரும்பி வந்தால், கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் இருந்த பெட்ரோல் கொதித்து ஆவியாகி இருக்கும். செல்ஃப் போட்டுப் போட்டு பேட்டரி இறங்கியதுதான் மிச்சம்.

ஆனால் உங்கள் தொல்லை கலவை மெலிவது மட்டும்தான் என்றால், ஒரு சுற்றுப் பெரிய ஜெட் போட்டு, கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, கேஸ்கட் மாற்றினாலே சில ஆயிரத்தில் வேலை முடியும். வருஷத்துக்கு இரண்டு கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கும் கார் என்றால் நான் இன்ஜெக்‌ஷனைச் சொல்ல மாட்டேன். புகை தள்ளும் எஞ்சினுக்கும் வேண்டாம்.

2. காகிதம்

இதை எல்லோரும் கடைசியில் வைக்கிறார்கள். முதலில் வையுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆவது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. ஆர்.சி.யில் இருக்கும் விவரம், தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதே பிரிவை வைத்துக் கண்டிப்பான தீர்ப்பு கொடுத்திருக்கிறது. கார்புரேட்டரை மாற்றும்போது எஞ்சின் நம்பர், சேஸி நம்பர், சி.சி., எரிபொருள் எதுவும் மாறுவதில்லை. ஆனாலும் 'ஆர்.சி.யில் ஒன்றும் மாறவில்லையே' என்று நாமாக முடிவு கட்டிக்கொள்ளக் கூடாது. எழுதிக் கேளுங்கள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் என்றால் சிவகங்கை மாவட்டம், டி.என். 63. திருமயம், பொன்னமராவதிப் பக்கம் என்றால் புதுக்கோட்டை, டி.என். 55.

மனுவில் என்ன மாற்றப் போகிறீர்கள் என்று பாகம் பாகமாக எழுதுங்கள். எஞ்சின் பிளாக்கைத் தொடவில்லை, பழைய கார்புரேட்டரை எப்போது வேண்டுமானாலும் திரும்ப மாட்டலாம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஆர்.சி. நகல், இன்சூரன்ஸ் நகல், எஞ்சின் நம்பர் தெரியும் போட்டோ, இப்போதைய கார்புரேட்டரின் போட்டோ இணையுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டு நடை, பதில் கைக்கு வர ஐந்து வாரம். பதில் வரும்வரை ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

ஆர்.சி. புதுப்பிக்கும் நாள் நெருங்கியிருந்தால் அதை முதலில் முடியுங்கள். படிவம் 25, காலாவதிக்கு முந்தைய 60 நாளுக்குள் கொடுக்கலாம். 20 வருஷம் தாண்டிய காருக்கான கட்டணம் 2025 ஆகஸ்டில் 5,000 ரூபாயிலிருந்து 10,000 ஆகிவிட்டது. ஜி.எஸ்.டி. தனி. இரண்டு விண்ணப்பத்தையும் ஒரே சமயத்தில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இப்போது முக்கியமான பொறி. 2021 ஜூலையில் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய சொந்தக் கார்களை 'விண்டேஜ்' என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் கழித்து மறுபதிவுக்கு 5,000. நம்பரில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். ஆனால் கார் அதன் அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. அப்படிப் பதிந்த காரைத் தினப்படி ஓட்டவும் முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று மட்டும் வெளியே எடுக்கலாம். என் காருக்கு 2029-ல் 50 ஆகிறது. அன்றைக்கு எங்கள் ஆச்சியோ பிள்ளைகளோ விண்டேஜாகப் பதிய நினைத்தால் வழி அடைபட்டிருக்கக் கூடாது. அதனால் ஒரு முடிவு எடுத்தேன்: அசல் பாகம் எதிலும் துளை போடுவதில்லை, எதையும் அறுப்பதில்லை. சைலன்சர் பைப்பில் மட்டும் ஒரு வெல்டிங். அந்தப் பைப் கடையில் புதிதாகக் கிடைக்கும்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் வேலைக்கு முன்பே எழுதி, பாலிசியில் குறிப்பு ஏற்றச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் நாளைக்கு ஒரு விபத்தில் கிளெய்மை மறுக்க அதுவே காரணமாகும்.

புகைச் சான்றிதழை மாற்றத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை எடுத்து வையுங்கள். 2000-க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு ஸ்லோவில் (வண்டி நிற்க எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பி.பி.எம். வரை அனுமதி. சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். என் காரில் முன்பு 2.6 சதவீதம் காட்டியது, பிறகு 0.7. அந்த இரண்டு தாளும் எந்த அதிகாரியிடமும் பேச உதவும்.

3. எஞ்சின் நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்

எனக்கு வேலை பார்க்கும் தேவகோட்டை மெக்கானிக் அண்ணன் முதல் நாளே கேட்டார்: "தம்பி, கம்ப்யூட்டர் வச்சா தேஞ்ச பிஸ்டன் ரிங்கு வளருமா?"

நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (பிஸ்டன் கொடுக்கும் அழுத்தம்) எடுங்கள். அதிகபட்சத்துக்கும் குறைந்ததற்கும் 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நிறுத்திவிட்டு எஞ்சின் வேலையை முதலில் பாருங்கள். டேபட் (வால்வு இடைவெளி) சரிசெய்யுங்கள். அப்புறம் மேனிபோல்டில், எஞ்சின் உறிஞ்சும் வேகத்தைப் பாதரச அங்குலத்தில் காட்டும் வாக்குவம் கேஜ் மாட்டிப் பாருங்கள். சூடான எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது முள் 17-லிருந்து 21 அங்குலத்துக்குள் ஆடாமல் நிற்க வேண்டும். என் காரில் 14-ல் நடுங்கிக்கொண்டே இருந்தது. மேனிபோல்ட் கேஸ்கட் ஒரு முனையில் கருகிப் போயிருந்தது. 180 ரூபாய்ப் பொருள். கார்புரேட்டர் இருந்தவரை அந்தக் கசிவை ஸ்க்ரூவைத் திருகித் திருகி மறைத்துக்கொண்டே வந்திருக்கிறோம். இன்ஜெக்‌ஷன் கம்ப்யூட்டர் மேனிபோல்ட் அழுத்தத்தைப் பார்த்துத்தான் பெட்ரோலை அளக்கிறது. அங்கே திருட்டுக் காற்று நுழைந்தால் கணக்கு மொத்தமும் தப்பு.

4. கரண்ட்

என் நேரத்தில் பாதி இங்கேதான் போனது. வரிசையாகச் சொல்கிறேன்.

பழைய டைனமோ நல்ல வேகத்தில் 22 ஆம்பியர் கொடுக்கும். சிக்னலில் நின்றால் கிட்டத்தட்ட ஒன்றும் கொடுக்காது. பெட்ரோல் பம்பு, கம்ப்யூட்டர், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் எல்லாம் சேர்ந்து 10, 12 ஆம்பியர் கேட்கும். ஹெட்லைட் போட்டால் இன்னும் 8. ஆகவே டைனமோவுக்குப் பதில், ஸ்லோவிலும் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் கட்டாயம். 35 ஆம்பியருக்குக் குறையாமல் போடுங்கள். இன்னும் பழைய கார் என்றால் பேட்டரியின் எந்த முனை பாடியில் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். பாசிட்டிவ் எர்த் வண்டியில் இந்தக் கம்ப்யூட்டரை மாட்டினால் அந்த நொடியே போய்விடும்.

பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரில், தொட்டு விலகும் பாயிண்ட் இருந்தால் அதற்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுங்கள். கம்ப்யூட்டருக்கு எஞ்சின் வேகம் தெரிவது இக்னிஷன் காயிலின் நெகட்டிவ் முனையிலிருந்துதான். தேய்ந்த பாயிண்ட் அங்கே மின் இரைச்சல் கிளப்பும். கம்ப்யூட்டர் 900 சுற்றை 2,000 என்று எண்ணிப் பெட்ரோலைக் கொட்டும். அந்த இரைச்சல் குறைய ரெசிஸ்டர் பிளக், கார்பன் வயர் போட்டு, பிளக் வயரோடு சென்சார் வயரைச் சேர்த்துக் கட்டாமல் ஒரு சாண் தள்ளியே கொண்டுபோங்கள். கம்ப்யூட்டரை பானட்டுக்குள் வைக்காதீர்கள், டேஷ்போர்டுக்கு அடியில் வையுங்கள்.

எர்த் (பேட்டரி நெகட்டிவை எஞ்சினோடும் பாடியோடும் சேர்க்கும் இணைப்பு) விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வண்டி ஸ்டார்ட் ஆகும், உடனே அணையும். சென்சார் மாற்றினேன், ரிலே மாற்றினேன், பயன் இல்லை. ஒரு சாயங்காலம் மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து, பக்கத்து வீட்டுப் பையனை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். 1.4 வோல்ட் காட்டியது. 0.2-க்கு மேல் போகவே கூடாது. எஞ்சினிலிருந்து சேஸிக்கு வரும் செம்புப் பட்டையைக் கழற்றிப் பார்த்தால் வெளியே பளபளப்பு, போல்டுக்கு அடியில் பச்சைப் பொடி. சேஸிப் பக்கம் பெயிண்டின் மேலேயே இறுக்கியிருந்தார்கள். உப்புத் தாள் போட்டுப் பளிச்சென்று தேய்த்து, புதுப் பட்டை மாட்டியதும் 0.08. அன்றிலிருந்து அணையவில்லை. நீங்கள் சென்சார் வாங்கும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். ஐந்து நிமிடம் ஆகும்.

5. டேங்கும் பெட்ரோல் லைனும்

கார்புரேட்டருக்கு 3 பி.எஸ்.ஐ. பக்கம் அழுத்தம் போதும். இன்ஜெக்‌ஷனில் 3 பார், அதாவது சுமார் 43 பி.எஸ்.ஐ. பழைய ரப்பர் ஹோஸ் இதைத் தாங்காது. ஹோஸ் மேலே எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்க வேண்டும். ஆர்7 என்று இருந்தால் அது கார்புரேட்டர் ஹோஸ். கடைக்காரர் 'எல்லாம் ஒன்றுதான்' என்பார், வாங்காதீர்கள். எனக்கு அப்படிக் கொடுத்த ஒரு ஹோஸ் இரண்டாம் நாள் கிளிப் அருகே வியர்த்திருந்தது. தடவினால் விரலில் பெட்ரோல். அதற்கு இரண்டு அங்குலம் கீழே எக்ஸாஸ்ட்.

டேங்கை இறக்கி உள்ளே பாருங்கள். எத்தனால் பழைய பிசினைக் கரைத்து, துருவையும் கிளப்பிவிடும். பம்புக்கு முன்னால் 100 மைக்ரான் பில்டர், பின்னால் 10 மைக்ரான் பில்டர். மிஞ்சும் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பி வர ஒரு ரிட்டர்ன் லைன் வேண்டும்; அதை டேங்கின் மேலே கொட்ட விடாமல், பெட்ரோலுக்கு உள்ளேயே, உறிஞ்சும் குழாயிலிருந்து தள்ளி விடுங்கள். இல்லையென்றால் நுரை கிளம்பிப் பம்பு காற்றை இழுக்கும். நான் அசல் டேங்கைத் துளைக்காமல், பெட்ரோல் அளவு காட்டும் மிதவையின் மூடிக்குப் பதிலாக லேத்தில் ஒரு மூடி செய்து அதில் இரண்டு குழாயையும் இறக்கினேன்.

எஞ்சின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும். பம்பு ரிலேயைக் கம்ப்யூட்டர் வழியாக மட்டும் கொடுங்கள், நேராகச் சாவியிலிருந்து கொடுக்காதீர்கள். மோதினால் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றும் சேருங்கள்.

6. இப்போது வாங்கலாம்

ஹோலி, ஃபைடெக் போன்ற அமெரிக்கக் கம்பெனிகளின் ஆயத்தப் பெட்டிகள் பிரபலம். அவற்றில் பெரும்பாலானவை எட்டு சிலிண்டர் உள்ள பெரிய வி8 எஞ்சினுக்கு அளவெடுத்தவை. செட்டிநாட்டு வீடுகளில் நிற்கும் பழைய பிளைமவுத், டாட்ஜ் ஆறு சிலிண்டர் என்றால் அவற்றின் சிறிய மாடல்களைப் பார்க்கலாம். நம் 1.5 லிட்டருக்கு அவை வேண்டாம். இன்ஜெக்டர் பெரிதாக இருந்தால் ஸ்லோவில் அது திறந்து மூடும் நேரம் மிகவும் குறுகி, அளவு கட்டுப்படாமல் வண்டி குலுங்கும்.

கணக்கு எளிது. ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்குச் சுமார் 5.25 சி.சி. பெட்ரோல். இந்த எஞ்சினுக்கு 50 குதிரைத்திறன் என்று வைத்தால் 262. இன்ஜெக்டரை 80 சதவீதத்துக்கு மேல் உழைக்க விடக் கூடாது, ஆக 328. ஈ20-க்குக் கொஞ்சம் கூட்டினால் 355. நான் 200 சி.சி. இன்ஜெக்டர் இரண்டு உள்ள, 38 மி.மீ. த்ராட்டில் பாடி எடுத்தேன். கம்ப்யூட்டருக்கு மைக்ரோஸ்குவர்ட், ஸ்பீடுயினோ இரண்டில் ஒன்று போதும். இரண்டுக்கும் கற்றுக்கொள்ள நிறைய விவரம் கிடைக்கிறது.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். இந்த எஞ்சினில் நான்கு சிலிண்டருக்கு இன்டேக் வாசல் இரண்டே இரண்டு. ஒன்றும் இரண்டும் ஒரு வாசல், மூன்றும் நான்கும் ஒரு வாசல். வெடிப்பு வரிசை 1-3-4-2 என்பதால் ஒரே வாசலில் அடுத்தடுத்து இரண்டு சிலிண்டர் உறிஞ்சும். ஒருவர் பங்கை மற்றவர் இழுத்துவிடுவார். மேலேயே பெட்ரோலைக் கலந்து கீழே அனுப்பும் த்ராட்டில் பாடிதான் இதற்குப் பொருத்தம்.

7. மாட்டுவது

கார்புரேட்டர் இருந்த இடத்தில் 12 மி.மீ. அலுமினியத் தட்டு. காரைக்குடி லேத் பட்டறையில் கேஸ்கட்டை மாதிரியாகக் கொடுத்தால் ஒரே நாளில் செய்து தருவார்கள். தட்டின் துளை விளிம்பு மேனிபோல்ட் துளையோடு விரலுக்குத் தட்டாமல் சேர வேண்டும். ஆக்சிலரேட்டர் முழுக்க மிதித்தால் த்ராட்டில் முழுக்கத் திறக்கிறதா, விட்டால் டக்கென்று மூடுகிறதா என்று வண்டிக்குள் ஒருவரை உட்காரவைத்துப் பாருங்கள். ரிட்டர்ன் ஸ்பிரிங் இரண்டு போடுங்கள்.

ஆக்சிஜன் சென்சாருக்கு எக்ஸாஸ்ட் பைப்பில் 18 மி.மீ. மரை உள்ள வளையத்தை வெல்டிங் செய்ய வேண்டும். சென்சார் படுக்கையாக இருக்கக் கூடாது. குறைந்தது 10 டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால்தான் தண்ணீர் தேங்காது. அதற்கு முன்னால் பைப்பில் எங்கும் கசிவு இருக்கக் கூடாது, இருந்தால் கலவை மெலிவாக இருப்பதாகப் பொய் சொல்லும். வெல்டிங் செய்யும்போது பேட்டரியையும் கம்ப்யூட்டரையும் கழற்றிவிடுங்கள். பழைய மெக்கானிக்கல் பம்பைக் கழற்றிய இடத்தில் மூடித்தட்டு போட மறக்காதீர்கள், ஆயில் கொட்டும்.

8. முதல் ஸ்டார்ட்டும் ட்யூனிங்கும்

வண்டியைச் செட்டிலிருந்து வெளியே தள்ளி வையுங்கள். பக்கத்தில் தீயணைப்பான். எஞ்சினை ஓட்டாமல் பம்பை மட்டும் பத்து நிமிடம் ஓட்டி, ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் தாளால் துடைத்துப் பாருங்கள். தாள் நனைந்தால் நிறுத்துங்கள்.

கலவையை லாம்ப்டா அளவில் பாருங்கள். 14.7 என்ற அளவு சுத்தப் பெட்ரோலுக்கு உரியது. ஈ20-ல் அதைப் பிடித்துக்கொண்டு ட்யூன் செய்வது பலரும் விழும் பொறி. லாம்ப்டா 1 என்றால் எந்தப் பெட்ரோலுக்கும் சரியான கலவை. ஸ்லோவில் 0.95 முதல் 1, சீராக ஓடும்போது 1, முழு மிதியில் 0.88 பக்கம். நான் அதிகாலை ஐந்தரைக்கு மடியில் லேப்டாப்போடு தம்பியை ஓட்டச் சொல்லி, கானாடுகாத்தானிலிருந்து திருமயம் வரை ஒன்பது நாள் போய்வந்தேன். ஓட்டிக்கொண்டே நீங்களே திரையைப் பார்க்காதீர்கள். கம்ப்யூட்டர் தானாகச் செய்யும் திருத்தம் 5 சதவீதத்துக்குள் வந்தால் அந்த வேகத்துக்கான ட்யூனிங் முடிந்தது என்று பொருள். குளிர் ஸ்டார்ட்டை ஒரு காலையில் ஒருமுறைதான் சோதிக்க முடியும், அதற்குத் தனியாக இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

9. செலவும் காலமும்

எனக்கு ஆனது: கம்ப்யூட்டர் 28,000. த்ராட்டில் பாடியும் சென்சார்களும் 22,000. பம்பு, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், பில்டர், ஹோஸ் 14,000. ஆக்சிஜன் சென்சாரும் அதன் கண்ட்ரோலரும் 18,000. ஆல்டர்னேட்டரும் வயரிங்கும் 11,000. டேங்க் கழுவ 4,000, லேத்தும் வெல்டிங்கும் 5,500, ட்யூனிங்கில் உதவியவருக்கு 10,000. மொத்தம் 1,12,500 ரூபாய். பொருந்தாமல் போன முதல் பம்பு இதில் சேரவில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியை விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பார்சல் வந்த பிறகு கட்டச் சொல்லும் தொகை சிறியதாக இருக்காது.

காகிதத்துக்கு ஒன்றரை மாதம், எஞ்சினுக்கும் கரண்டுக்கும் ஒரு மாதம், டேங்குக்கு ஒரு வாரம், மாட்ட நான்கு நாள், ட்யூனிங் ஒரு மாதம். வீட்டில் கல்யாணம் வைத்துக்கொண்டு, அதற்குள் முடித்துவிடலாம் என்று கழற்றாதீர்கள்.

10. கழற்றியதை எடுத்து வைப்பது

500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாக் கிளிப்பையும் ஒருமுறை இறுக்கி, பில்டரை மாற்றுங்கள். பிறகு கார்புரேட்டர். கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை முழுக்க வடித்து, காற்றடித்து, உள்ளே லேசாக எஞ்சின் ஆயில் தடவுங்கள். ஜெட் நம்பர்களை ஒரு தாளில் எழுதுங்கள். பழைய பம்பு, டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட், மிதவை மூடி, அவற்றின் போல்டுகள் எல்லாவற்றையும் அதே பெட்டியில் போட்டு, ஆர்.டி.ஓ. பதிலின் நகலையும் மேலே வைத்து மூடுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பெட்டி இரண்டாம் கட்டு அறையில், மழைச் சாரல் படாத பரண்மேல் இருக்கிறது. மூடியில் கார் நம்பரையும் '2029' என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன்.